கனகர் இறக்கிய இருபத்தொரு றாத்தல்

"இருவது றாத்தல் இறக்கும், ஐசே. இல்லாட்டி அந்த விரலை நான் இறக்குவன். விளங்குதோ?"

டொக்குத்தர் தியாகராசா எதைச் சொன்னாலும் பேனையால் மேசையில் மூன்று தட்டுத் தட்டி, கடைசியில் ‘விளங்குதோ’ என்று ஒரு முத்திரை குத்துவார். முத்திரை விழுந்தால் அப்பீல் இல்லை.

கனகர் தன் இடது காலைப் பார்த்தார். இரண்டாவது விரலில் வெங்காயப் பெட்டி ஆணி கீறி இரண்டு மாதம். கீறின ஆணி துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. புண் மட்டும் புதுக்கருக்கு அழியாமல் இருந்தது.

"எல்லாம் சீனி" என்றார் டொக்குத்தர். "உம்முடைய மூத்திரத்திலை ஓடுற சீனியை மறிச்செடுத்தால் ஒரு சங்கக்கடைக்கு ஒரு கிழமைக்குக் காணும். அதோடை பிறசர். அதோடை உந்த வயிறு. மூண்டு மாதம் தாறன்."

அது நாட்டிலே சீனி இல்லாத காலம். கூப்பனுக்குக் கிடைத்த ஒரு கைப்பிடிச் சீனியைச் சனங்கள் பேணியில் போட்டுப் பூட்டி வைத்து, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்த காலம். தட்டுப்பாடு இல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது கனகருடைய உடம்பு.

கனகர் என்றால் கனகசபாபதி. இணுவிலில் றோட்டோரம் வெங்காயக் கடை. சுற்றுவட்டாரத் தோட்டக்காரர் கொண்டுவரும் சின்ன வெங்காயத்தைச் சாக்குச் சாக்காக நிறுத்து வாங்கிக் கொழும்புக்கு லொறி ஏற்றுவது தொழில். சாக்குக்கு ஒரு றாத்தல் கழிவு, மண்ணுக்கு ஒரு றாத்தல் கழிவு, வாடலுக்கு ஒரு றாத்தல் கழிவு. இருபத்தைந்து வருடமாக அடுத்தவனுடைய நிறையைக் குறைப்பதிலே அவரை மிஞ்ச வடமாகாணத்தில் ஆள் கிடையாது. தன்னுடைய நிறையைக் குறைக்கச் சொன்னதும் மனிதர் திகைத்துப் போனார். டொக்குத்தரின் தராசில் இருநூற்றுப் பதினாறு றாத்தல். இரண்டு அந்தருக்கு எட்டு றாத்தல்தான் குறைவு.

வீட்டுக்கு வந்ததும் சால்வையை உதறித் தோளில் போட்டார். முற்றத்தில் நின்று உலகத்துக்கு அறிவித்தார்.

"இஞ்சேரும்! இண்டையிலிருந்து எனக்கு ஒருநேரச் சாப்பாடு. அதுவும் பின்னேரம்."

குசினிக்குள்ளிருந்து மனைவி மீனாம்பிகை எட்டிப் பார்த்தாள்.

"டொக்குத்தர் அப்பிடியோ சொன்னவர்?"

"அவர் இறக்கச் சொன்னார். எப்பிடி இறக்கிறதெண்டு எனக்குத் தெரியும். கந்தசட்டிக்கு ஆறு நாளும் மிளகும் தண்ணியுமாய்க் கிடந்த பரம்பரை நாங்கள்!"

"கிடந்தது மாமி. நீங்கள் ஏழாம் நாள் பாறணைக்கு முதல் பந்தியிலை இருந்தனீங்கள்."

கனகருக்கு ரோசம் வந்தது. ரோசம் வந்தால் அவருக்கு அறிவு கொஞ்சம் தள்ளி நிற்கும். மறுநாள் விடிய வெறும் வயிற்றில், சீனி வருத்தத்துக்கு டொக்குத்தர் தந்த குளிசையை விழுங்கினார். ஒரு வாய் தண்ணி குடித்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கடைக்குப் போனார்.

பத்தரைக்குக் கை நடுங்கியது. பத்தே முக்காலுக்கு வேர்த்தது. பதினொரு மணிக்கு, ஒரு சாக்கை நிறுத்துக்கொண்டிருந்தவர் அந்தச் சாக்கின் மேலேயே சரிந்தார்.

கடையில் மூட்டை தூக்கும் செல்வநாயகமும் நாலு தோட்டக்காரரும் அவரைக் கைவண்டிலில் ஏற்றப் பார்த்தார்கள். வண்டிலில் ஏற்கெனவே வெங்காயம்.

"ரெண்டு அந்தர் இறக்கினால்தான் முதலாளி ஏறுவார்" என்றான் செல்வநாயகம். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

வீட்டில் மீனாம்பிகை அழவில்லை, ஓடவில்லை. பேணியைத் திறந்து, மாதக் கடைசிவரைக்கும் வைத்திருந்த கூப்பன் சீனி முழுவதையும் தண்ணியில் கரைத்து அவர் வாயில் பருக்கினாள். கனகர் கண்ணைத் திறந்தார். சீனி வருத்தக்காரனுக்குச் சீனியால் உயிர் வந்த அதிசயத்தைப் பார்த்து ஊர் வாய் பிளந்தது.

டொக்குத்தர் தியாகராசா வந்து மேசை கிடைக்காததால் கதிரைக் கையில் தட்டினார்.

"பட்டினி கிடக்கச் சொன்னனானோ, ஐசே? குளிசையையும் போட்டுப் பட்டினியும் கிடந்தால் போறது விரல் இல்லை, ஆள்! மூண்டு நேரமும் சாப்பிடும். அளவாய்ச் சாப்பிடும். ஆறுதலாய்ச் சாப்பிடும். என்ன சாப்பிடுறன் எண்டு தெரிஞ்சு சாப்பிடும். கிழமைக்கு ஒண்டரை ரெண்டு றாத்தல் இறங்கினால் போதும். மூண்டு மாதத்தாலை வாரும், நிறுத்துப் பாப்பம். விளங்குதோ?"

"விளங்குது" என்றாள் மீனாம்பிகை. கனகருக்கு விளங்கவில்லை. அவர் அப்போது தலைமாட்டில் இருந்த பாண் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கனகர் சாப்பிடுவது ஒரு காட்சி. பேப்பர் இடது கையில், றேடியோ காதில், புட்டு வலது கையில். கொழும்பு லொறிக்கு மூட்டை ஏற்றுகிற வேகம். ஓலை நீத்துப்பெட்டியில் அவித்த புட்டு, மூன்று பெட்டி, ஐந்து நிமிடத்தில் ஏறிவிடும். லொறிக்காவது நிறைந்ததும் பின்கதவு அடிக்கும் சத்தம் கேட்கும். இவருக்கு அதுவும் கிடையாது.

அடுத்த நாள் மத்தியானம் அவர் கை கழுவிவிட்டு வந்தபோது மீனாம்பிகை கேட்டாள்.

"இப்ப என்ன கறி சாப்பிட்டனீங்கள்?"

கனகர் சோற்றுக் கோப்பையைத் திரும்பிப் பார்த்தார். அது நல்லூர்க் கோயில் மணி மாதிரித் துடைத்து வைத்துக் கிடந்தது. தடயம் ஒன்றும் இல்லை.

"கத்தரிக்காய்."

"கத்தரிக்காய் முந்தநாள். இண்டைக்கு வாழைக்காய்."

"கண்டறியாத கேள்வி. வயித்துக்குள்ளை போனால் எல்லாம் ஒண்டுதான்."

"அப்ப வெங்காயத்தை மட்டும் ஏன் அப்பிடிப் பாக்கிறியள்?"

கனகரின் முகம் மலர்ந்தது. அது அவருடைய வித்தை. பொய் சொல்லக்கூடாது, அதிலே மனிதர் மன்னன். சாக்கின் வாயில் கிடக்கும் வெங்காயத்தைத் தொடமாட்டார். கையை முழங்கைவரை விட்டு நடுவிலிருந்து ஒன்றை எடுப்பார். உருட்டுவார். காதோடு வைத்து நசிப்பார். ஒரு தோலை உரித்து மூக்கில் வைத்து மணப்பார். நுனியைக் கடித்துக் கண்ணை மூடுவார். பிறகு வரும் தீர்ப்பு: "சண்டிலிப்பாய். கிணத்துக்குத் தெற்கை உள்ள பாத்தி. கடைசித் தண்ணி ஒரு நாள் பிந்திப் போச்சுது." கொண்டுவந்தவன் தலையில் கை வைப்பான். கிணற்றுக்குத் தெற்கேதான், ஒரு நாள் பிந்தித்தான்.

"அந்த நாக்குக்குத் தன்ரை வாயிலை கிடக்கிறது வாழைக்காயோ கத்தரிக்காயோ எண்டு தெரியேல்லை" என்றாள் மீனாம்பிகை. "ஆராவது கேட்டால் சிரிப்பினம்."

"ஆர் சொன்னது தெரியாதெண்டு? பாத்தால் தெரியும். பாக்கேல்லை."

"அப்ப ஒரு பந்தயம். கோப்பையிலை ஒருக்கால்தான் போடுவன். அதுக்குள்ளை என்னென்ன கிடக்கெண்டு வெங்காயம் பாக்கிற மாதிரிப் பாத்துச் சொல்லுங்கோ. சரியெண்டால் இன்னொரு அகப்பை. பிழைச்சால் கையைக் கழுவவேணும்."

"எத்தினை தரம் சரியாய்ச் சொன்னாலும் போடுவீரோ?"

"நூறு தரம் சொன்னால் நூறு அகப்பை."

கனகர் தொடையில் தட்டினார். தன் நாக்கை நம்பினவர், மனைவி சண்டிலிப்பாய் வெங்காயத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் என்பதை மறந்துபோனார். தரையிலிருந்து ஒரு வெங்காயத்தைப் பிடுங்கும்போதே அது எந்தத் தராசுக்குப் போகும் என்று தெரிந்துகொள்ளும் சாதி அது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பேப்பரை விரித்தார். மீனாம்பிகை அதை மடித்து யன்னலில் வைத்தாள்.

"சாக்குப் பாக்கேக்கை பேப்பர் வாசிக்கிறனீங்களோ?"

பேப்பர் போனது. றேடியோவும் போனது. புட்டு வந்தது. கனகர் குனிந்து பார்த்தார்.

"என்னப்பா உது, காகத்துக்கு வைச்ச மாதிரி?"

"ஒரு நீத்துப்பெட்டிப் புட்டு. சாக்குக் கழிவு, மண் கழிவு, வாடல் கழிவு போக மிச்சம்."

"புட்டிலை எங்கையப்பா மண்?"

"வெங்காயத்திலை நீங்கள் கழிக்கிற மண்ணை நானும் ஒருநாளும் கண்டதில்லை. உங்களுக்குத் தெரியுதாம் எண்டு என்ரை தம்பி ஏரம்பு சொன்னவன்."

வழக்கம் என்றால் வழக்கந்தான். தான் போட்ட சட்டத்தைத் தானே எப்படி மறுப்பது? கனகர் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டார்.

"அரிசிமா. தேங்காய்ப்பூ. குரக்கன்."

"இன்னும் ஒண்டு கிடக்கு."

அடுத்த பிடி. மென்றார். கண்ணை மூடினார். இன்னொரு தரம் மென்றார். விழுங்க மனம் வரவில்லை. விழுங்கினால் சாட்சி போய்விடும்.

"…உழுத்தம்மா?"

"ஒடியல்மா. கையைக் கழுவுங்கோ."

கழுவினார். அன்றைக்கு அவர் தின்றது வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் அதைத் தின்ன இருபது நிமிடம் எடுத்தது. பசியைவிடத் தோல்விதான் அவரைக் கடித்தது. காய்ந்த பனங்கிழங்கின் மணம் தெரியாமல் ஒடியலைப் போய்த் தப்பவிட்டேனே!

அடுத்த நாளிலிருந்து வீடு சோதனைக் கூடமாயிற்று. பழப்புளிச் சொதியில் எலுமிச்சம்புளி ஒரு துளி. பருப்புக்குள் ஒளித்த பூசணி. தேங்காய்ப்பால் விடாமல் பால் விட்டது போல வைத்த கறி. மீனாம்பிகை ஒளித்தாள், கனகர் பிடித்தார். சில நாள் தப்பவிட்டார். ஒவ்வொரு வாயையும் முன்பல்லால் மென்று, கடைவாய்க்கு அனுப்பி, நாக்கின் அடியில் வைத்து விசாரித்து, பிறகுதான் உள்ளே விட்டார்.

நாலாம் நாள் இலைவறை. பச்சைப் பசேலென்று ஒரு சிறு குவியல்.

"ஏழு இலை கிடக்கு" என்றாள் மீனாம்பிகை.

கனகர் சட்டையின் மேற்பொத்தானைக் கழற்றினார்.

"முருங்கை. முசுட்டை. பொன்னாங்காணி." மென்றார். "வல்லாரை. குறிஞ்சா, கைக்குது, ஓம், குறிஞ்சாதான்." தண்ணி குடித்தார். "முல்லை."

"ஆறு."

ஐந்து நிமிடம் போயிற்று. பத்து நிமிடம் போயிற்று. வேலிக்கு வெளியே பாண்காரன் மணியடித்துப் போனான். கனகர் தலையைத் திருப்பவில்லை.

"தவசிமுருங்கை!" என்று எழும்பியே விட்டார். "அதுவும் கிணத்தடி மரம் இல்லை. வேலியோரத்து மரம். வெயில் பட்ட இலை!"

மீனாம்பிகை உண்மையாகவே அசந்துபோனாள். "சத்தியமாய் வேலியோரந்தான். உங்கடை நாக்குக்குக் கோயில் கட்டவேணும்." அகப்பையை எடுத்தாள். "பிடியுங்கோ, வெண்ட அகப்பை."

கனகர் கோப்பையை நீட்டினார். பிறகு மெதுவாக இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம் போலை கிடக்கு."

"ஏன்?"

"வயிறு… காணும், போதும் எண்டுது."

ஐம்பத்திரண்டு வயதில் வயிறு சொன்ன ஒரு வார்த்தை அவர் காதில் விழுந்தது அன்றைக்குத்தான். அதற்கு முன்னும் அது சொல்லிக்கொண்டுதான் இருந்தது, பாவம். லொறி ஏற்றுகிற சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? நூறு அகப்பை தருகிறேன் என்றவள் அந்த அகப்பையும் போடாமல் தப்பிவிட்டாள்.

இவ்வளவோடு நின்றிருந்தால் கனகர் நல்ல மனிதர். ஆனால் நிறுவை என்று ஒன்று இருந்ததே.

"கிழமைக்குக் கிழமை நிறுத்துப் பாக்கவேணும்" என்றாள் மீனாம்பிகை. "ஒரு றாத்தலாவது இறங்கினால் ஞாயிற்றுக்கிழமை ஒரு பிளா ஒடியல் கூழ். நண்டும் மீனும் பிலாக்கொட்டையும் போட்டு. இறங்காட்டி இல்லை."

கூழ்! பனையோலையை மடித்துக் கோலின பிளாவில், ஆவி பறக்க, உறைப்பில் மூக்கு ஒழுக ஒழுக! கனகர் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"டொக்குத்தரிட்டை ஒவ்வொரு கிழமையும் போகேலுமே?"

"ஏன் டொக்குத்தர்? எங்கடை கடைத் தராசு கிடக்குத்தானே. வெள்ளிக்கிழமையிலை நிறுப்பம்."

கனகர் தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை மறைக்க வேறு வழியில்லை.

ஏனென்றால் அந்தத் தராசில் ஒரு இரகசியம் குடியிருந்தது. சாக்கை ஏற்றும் மேடை கீழே. படிக்கல் போடும் சின்னத் தட்டு மேலே தொங்கும்; அதில் ஒரு றாத்தல் கீழே நூறு றாத்தலுக்குச் சமம். அந்தத் தட்டின் பின்புறம், மெழுகால் ஒட்டியபடி, புளியங்கொட்டை அளவில் ஒரு ஈயத்துண்டு. ஒவ்வொரு நிறுவைக்கும் நாலு றாத்தலை அது சத்தமில்லாமல் விழுங்கும். கழிவு மூன்று ஊரறிந்தது. இந்த நாலு, கனகரும் ஈயமும் மட்டும் அறிந்தது. செல்வநாயகத்துக்குக்கூடத் தெரியாது.

முதல் வெள்ளி. கடை முழுக்கத் தோட்டக்காரர். கனகர் சால்வையைக் கழற்றி வைத்துவிட்டு மேடையில் ஏறினார். செல்வநாயகம் சாக்குக்குக் கூவுகிற அதே இராகத்தில் கூவினான்.

"இரு… நூற்றிப் பத்தேய்ய்!"

"ஆறு றாத்தல்! ஒரு கிழமையிலை!" கடை ஆரவாரித்தது. கனகர் தேர் மாதிரி இறங்கினார்.

மீனாம்பிகை கைதட்டவில்லை. தராசைப் பார்த்தாள். பக்கத்தில் சாக்கோடு நின்ற தம்பி ஏரம்புவைப் பார்த்தாள். ஏரம்பு காதைச் சொறிந்தான்.

"அதிலை ஒரு புதினமும் இல்லை, அக்கா. அத்தான்ரை தராசிலை ஏறினால் எல்லாரும் மெலிவினம். எங்கடை வெங்காயமும் வீட்டிலை கொழுத்துக் கிடக்கும், இஞ்சை வந்துதான் மெலியிறது."

எல்லோரும் சிரித்தார்கள். கனகர் எல்லோரையும்விடக் கூடச் சிரித்தார். மீனாம்பிகை சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூழ் காய்ச்சினாள், ஒரு பிளா கொடுத்தாள். 

இரண்டாம் வெள்ளி, முழுகின தலையும் கையில் மஞ்சள் தண்ணிச் செம்பும் சந்தனக் கிண்ணமுமாய் மீனாம்பிகை கடைக்கு வந்தாள்.

"இதென்னப்பா?"

"இருவத்தைஞ்சு வருசம் எங்களுக்குச் சோறு போட்ட தராசு. ஒரு வெள்ளிக்கிழமையிலை ஒரு பொட்டு வைச்சிருப்பியளோ? இப்ப உங்கடை உயிரையும் இதுதான் நிறுக்குது. தள்ளுங்கோ."

தோட்டக்காரர் எல்லோரும் ‘அதுதானே’ என்றார்கள். வெள்ளிக்கிழமை, சந்தனம், முழுகின பெண். யார் மறிப்பது? மீனாம்பிகை மஞ்சள் தண்ணி தெளித்தாள். மேடையைத் துடைத்தாள். சங்கிலியைத் துடைத்தாள். தட்டின் முன்புறம் துடைத்தாள், பின்புறம் துடைத்தாள். சேலைத் தலைப்பை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு மூன்று இடத்தில் சந்தனம் வைத்துக் கும்பிட்டாள். கனகரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஏறினார்.

"இரு… நூற்றிப் பன்னிரண்டேய்ய்!"

"என்னடா? எட செல்வநாயகம், வடிவாய்ப் பார்!"

"வடிவாய்த்தான் பாத்தனான், முதலாளி. சந்தனத்தோடை தராசும் வடிவாய்த்தான் கிடக்கு."

போன கிழமையைவிட இரண்டு றாத்தல் கூட! அரை வயிறு, ஏழு இலை, இருபது நிமிட மெல்லல், எல்லாம் வீண்! கனகருக்குக் கூழ் ஆவியாகிப் பறப்பது தெரிந்தது.

"தராசு பிழை!" என்று கத்திவிட்டார்.

கடை திரும்பிப் பார்த்தது. இருபது தோட்டக்காரர். நாற்பது கண்.

"எப்பிடிப் பிழை, அத்தான்?" என்றான் ஏரம்பு, பசுவுக்குத் தவிடு காட்டுகிற குரலில்.

கனகர் மேடையிலிருந்து இறங்கினார்.

"பிழையெண்டு… ஆரும் சொல்லேலாத தராசு எண்டு சொல்ல வந்தனான்."

எல்லோரும் போனபிறகு தட்டின் பின்புறத்தைத் தடவினார். வழுவழுவென்று பித்தளை. ஒரு சந்தனப் பொட்டு. ஈயம் இல்லை. நிலத்தில் தேடினார். சாக்குகளை உருட்டித் தேடினார்.

"என்ன முதலாளி தேடுறியள்?"

"எட செல்வநாயகம், கூட்டேக்கை… தராசுக்குக் கீழை… ஏதும் விழுந்து கிடந்ததோ?"

"என்ன விழுந்தது?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாதது ஒண்டும் விழேல்லை, முதலாளி."

அடுத்த வியாழக்கிழமை கனகர் இரண்டாவது ஈயம் ஒட்டினார். இரட்டை மெழுகு. வெள்ளிக்கிழமை மீனாம்பிகை வந்து பொட்டு வைத்தாள். கனகர் ஏறினார். இருநூற்றிப் பதினொன்று. ஒரு றாத்தல் இறக்கம். கூழ் கிடைத்தது, ஈயம் கிடைக்கவில்லை.

மறு வியாழன் மூன்றாவது ஈயத்தை ஒட்டினார். அதுவும் வெள்ளிக்கிழமை பூசையோடு மறைந்தது. வெறும் தட்டைத் தடவிக்கொண்டு நின்றவருக்கு அந்த நேரம் பார்த்து இடது கால் விரலில் ‘விண்’ என்று ஒரு குத்து.

கனகர் கணக்குப் பார்த்தார். சந்தனம் வைத்த இடத்தில் ஈயம் நிற்கவில்லை. மூன்று தரம்! வெள்ளிக்கிழமை யாருடைய நாள்? அப்படியே நல்லூர்ப் பக்கம் திரும்பி நின்று, சாக்குகளுக்கு நடுவில் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார்.

"முருகா! விளங்கிட்டுது! இனி ஒட்டன். விரலை மட்டும் விட்டுவிடு. புண் மாறினவுடனை உன்ரை வாசலுக்கு வாறன்."

அதற்குப் பிறகு கனகருக்கு ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. உண்மையாகவே இறங்குகிற வழி.

இறங்கினார். அநேகமாய்க் கிழமைக்கு இரண்டு, சில கிழமை ஒன்று. ஒரு கிழமை அசையவே இல்லை. அந்த ஞாயிறு கூழும் இல்லை, கோபமும் இல்லை. தோட்டக்காரர் வெள்ளிக்கிழமைகளில் முதலாளி நிறுவை பார்ப்பதற்கென்றே வெங்காயம் கொண்டுவந்தார்கள். மீனாம்பிகை காலையும் மாலையும் விரலைக் கழுவி மருந்து கட்டினாள். குளிசை சாப்பாட்டோடுதான் போனது, ஒருநாளும் தனியே போகவில்லை.

சண்டிலிப்பாயில் ஒரு கலியாணம்.  பந்தி என்றால் பந்தி, பதினெட்டுக் கறி, வடை, பாயசம். கனகர் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். எல்லாவற்றிலும் ஒரு கரண்டி வாங்கினார். பிறகு விசாரணை தொடங்கிற்று. பக்கத்தில் இருந்தவர்கள் சோறு, மறுசோறு, பாயசம் எல்லாம் முடித்து இலையை மடித்து எழும்பிவிட்டார்கள். அடுத்த பந்தி வந்து நின்றது.

"முதலாளி, எழும்புங்கோவன். ஆக்கள் நிக்கினம்" என்றான் பரிமாறினவன்.

"பொறு தம்பி. உந்தச் சாம்பாருக்கு ஆர் பெருஞ்சீரகம் போட்டது? போடப்படாது. உங்கடை சமையல்காரனுக்குச் சொல்லு, வடைக்குப் பருப்பு அரை மணித்தியாலம் ஊறக் காணாது எண்டு."

பாதி வடை இலையில் இருந்தது. அதை அப்படியே வைத்து மடித்துவிட்டு எழும்பினார். ஒருகாலத்தில் கனகர் இலையில் வடை மிஞ்சினால் ஊர் பொலிசுக்கு அறிவித்திருக்கும்.

மூன்று மாதம் முடிந்த அன்று டொக்குத்தர் தியாகராசா தன் தராசின் முள்ளை இரண்டு தரம் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்றாம் தரம் பார்த்தார்.

"நூற்றித் தொண்ணூற்றைஞ்சு! நான் கேட்டது இருவது, நீர் தந்தது இருவத்தொண்டு. சீனி இறங்கிட்டுது. பிறசர் பரவாயில்லை. காலைக் காட்டும்."

விரலில் புதுத் தோல், பிள்ளையின் கன்னம் மாதிரி இளஞ்சிவப்பாய் மூடியிருந்தது. டொக்குத்தர் மேசையில் தட்ட மறந்துவிட்டார்.

"விரல் உமக்குத்தான், ஐசே. எப்பிடிச் செய்தனீர்?"

"மன உறுதி, டொக்குத்தர்" என்றார் கனகர். "நாங்கள் ஒண்டை நினைச்சால் நினைச்சதுதான்."

டொக்குத்தர் மீனாம்பிகையைப் பார்த்தார். மீனாம்பிகை சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தாள்.

"விளங்குது" என்றார் டொக்குத்தர். அந்தச் சொல்லை அவர் கேள்விக்குறி இல்லாமல் சொன்னது அன்றைக்கு மட்டுந்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை நல்லூருக்கு வெளிக்கிட்டார்கள். கனகர் பட்டு வேட்டி கட்டினார். வேட்டி இன்னும் ஒரு சுற்றுக்கு வந்தது. அர்ச்சனைத் தட்டுக்கு வாழைப்பழச் சீப்போடு ஏரம்புவும் வந்து சேர்ந்தான். அத்தானை ஏற இறங்கப் பார்த்தான்.

"அத்தான், இருவத்தொண்டு எப்பிடி இறங்கினதெண்டு ஊர் முழுக்க இதே கதை. மற்றது ஏன் ஏறினதெண்டுதான் ஒருத்தரும் கேக்கேல்லை."

"மற்றதெண்டால் என்ன?"

"இந்த மூண்டு மாதமும் எங்கடை சாக்கெல்லாம் உங்கடை தராசிலை நாலு நாலு றாத்தல் ஏறியெல்லோ கிடந்தது! நாங்கள் புதுசாய் ஒரு பசளையும் போடேல்லை."

கனகர் ஒரு கணம் தடுமாறினார். ஆனால் அவர் இப்போது திருந்தின மனிதர். திருந்தின மனிதருக்குப் பெருமை அடிக்க உரிமை உண்டு. நெஞ்சை நிமிர்த்தினார். நெஞ்சு இப்போது வயிற்றைவிட முன்னால் நின்றது.

"உனக்குச் சொல்லுறன், ஏரம்பு. மீனாம்பிகை, நீரும் கேளும். அந்தத் தராசிலை ஒரு சின்னக் குறை இருந்தது. என்ன குறையெண்டு கேக்கப்படாது. முருகன் எனக்குத்தான் தெரியவைச்சான். வெள்ளிக்கு வெள்ளி, மூண்டு தரம், கண்ணுக்கு முன்னாலை நடந்த அற்புதம்! வேறை ஆருக்கு உப்பிடி நடக்கும்? அவன் எடுத்தான், நான் விட்டிட்டன். இண்டைக்கு அவனுக்கு நன்றி சொல்லத்தான் போறன்."

ஏரம்பு வாயைப் பொத்திக்கொண்டு வாழைப்பழச் சீப்பைப் பார்த்தான்.

மீனாம்பிகை இடுப்பிலிருந்து ஓலைக் கொட்டைப்பெட்டியை எடுத்தாள். பாக்கையும் சுண்ணாம்பையும் ஒதுக்கினாள். அடியிலிருந்து புளியங்கொட்டை அளவில் மூன்று ஈயத்துண்டை எடுத்து, மெழுகைத் துடைத்து, அர்ச்சனைத் தட்டில் தேங்காய்க்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தாள்.

"அப்ப இதுகளையும் உண்டியலிலை போட்டுவிடுங்கோ" என்றாள். "எடுத்தவர் இவ்வளவு நாளும் என்னட்டைத்தான் குடுத்து வைச்சிருந்தவர்."